அப்பா ரத்தம்

பேக்கரிக்காரனுக்கும் அவனுடைய அண்ணனுக்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம். இரட்டையர். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருடமாக, அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மூத்தவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

பார்த்தால் இரட்டையர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பேக்கரிக்காரன் மைதா மூட்டை மாதிரி உருண்டை. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஒட்டடைக்குச்சி. மூக்கு ஒரு பக்கம் கோணல், முன்பல் இரண்டு இல்லை. எல்லாம் குடித்துவிட்டுப் படியில் உருண்டதில் வந்த வினை. பதினெட்டில் தொடங்கிய குடி இருபத்து மூன்று வருடம் ஓடி, ஐந்து வருடத்துக்கு முன்புதான் நின்றது.

அப்பாவும் குடித்தே போய்ச் சேர்ந்தவர். "மூத்தது அப்பா ரத்தம், சின்னது அம்மா ரத்தம்" என்று அத்தை எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள். பிரசவம் பார்த்த நர்ஸும் நஞ்சுக்கொடி இரண்டு, ஆகவே ஒரே அச்சு இரட்டை இல்லை என்று சொல்லியிருந்தாளாம். பேக்கரிக்காரனுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. மனசில் திடம் இருந்தால் எதையும் தள்ளிவிடலாம், என்னைப் பார், ஒரு சொட்டு தொட்டதுண்டா என்று அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் பாடம் நடத்துவான். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான்.

அண்ணனுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். குடிப்பழக்கத்தில் மரபணு என்னும் பிறவிக்கூறுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க, ஒருவர் குடித்து மற்றவர் குடிக்காத இரட்டையர் வேண்டுமாம். அண்ணன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். பேக்கரிக்காரன் உடனே சரி என்றுவிட்டான். தன் பெருமை அச்சில் ஏறப்போகிறது என்ற நினைப்பில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றான்.

சின்னக் குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள். பிறகு தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவனையும் அந்தப் பக்கம் ஒருவனையும் உட்காரவைத்து இருநூறு கேள்வி கேட்டார்கள். நடுவில் பேக்கரிக்காரன் மூன்று தும்மல் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்தும் அதே தாளத்தில் மூன்று வந்தது. ஆராய்ச்சி டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து இருவரையும் கூப்பிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கருவிலேருந்து பிரிஞ்சவங்க. அசல் ஒரே அச்சு."

நஞ்சுக்கொடி இரண்டு என்று பேக்கரிக்காரன் வாதாடிப் பார்த்தான். ஒரே கரு சீக்கிரமே பிரிந்தால் அப்படியும் இருக்கும், நிறையப் பேர் அதை வைத்து ஏமாந்துபோகிறார்கள் என்றாள் அவள். அப்படியானால் அந்தக் குடிக்கூறு எனக்கும் உண்டா என்று கேட்டான்.

அப்படி ஒற்றைக் கூறு ஒன்றும் கிடையாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து, ஏறக்குறையப் பாதி ஆபத்தைக் கொண்டுவருகின்றன. மீதிப் பாதி வாழ்க்கை கொண்டுவருவது: வீடு, கூட்டாளிகள், கவலை, முதல் மடக்கு எந்த வயதில் என்பது. "பொறப்புல வந்த பாதி உங்க ரெண்டு பேருக்கும் அப்படியே ஒண்ணுதான்."

அண்ணன் பொக்கை வாய் தெரியச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்போ நான் மட்டும் மோசமாப் பொறக்கலையாடா?"

பேக்கரிக்காரனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லாத ஒன்றை அவன் சொல்லிவிட்டான். தொழிற்பயிற்சி முடிந்த அன்று அப்பா இருவருக்குமாக இரண்டு கிளாஸில் சாராயம் ஊற்றிவைத்தார். இவனுக்கு அப்போது மஞ்சள்காமாலை, கண் இரண்டும் மஞ்சளாகப் படுத்திருந்தான்.

"எனக்கும் கை நீளத்தான் செஞ்சுது. ஈரல் போயிடும்னு அம்மா பிடுங்கிட்டாங்க. மூணு வருஷம் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்குள்ள உன்னைப் பார்த்துப் பயந்துட்டேன். திடமும் இல்லை, மண்ணும் இல்லை."

"காமாலையா உன்னைக் காப்பாத்துச்சு?"

"காமாலையேதான்."

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இத்தனை வருடம் காமாலையிடமா பாடம் கேட்டேன் என்று டாக்டரம்மாவிடம் முறையிட்டான். பேக்கரிக்காரனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போலிருந்தது. கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னாள்: சர்க்கரை நோய் குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அதேபோல் இதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பேக்கரிக்காரனுக்குப் பதினெட்டு வயதில் ஒரு மகள். கார் ஓட்டப் பெரியப்பாதான் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணனை நம்பி அவளைத் தனியாக அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. மருத்துவமனை வாசலில், மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் காரை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னான். அண்ணனுக்குப் புரிந்தது. தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான்.

ஞாயிறன்று காலி மைதானத்தில் மகள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பெரியப்பா பக்கத்தில் இருந்தான். அப்பா பின்சீட்டில் ஜன்னல் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தான். கிளட்ச்சுக்கும் கியருக்கும் நடுவில் பெரியப்பா பரிசோதனை முடிவையும் தன் கதையையும் மறைக்காமல் சொன்னான். முதல் கிளாஸ் எவ்வளவு இனிப்பாக இருந்தது, கடைசியில் விடிந்ததும் கை எப்படி நடுங்கியது, விட்டபிறகு சாப்பாட்டுக்கு ருசி எப்படித் திரும்பி வந்தது எல்லாம். நம் உடம்புக்கு அது சீக்கிரம் பிடித்துப்போகும், ஆகவே அந்தப் பக்கமே போகாதே, எப்போதாவது கை நீண்டால் வெட்கப்படாமல் என்னிடம் வா என்றான்.

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் என்றால் கணக்குப்படி தனக்கு இரண்டு அப்பாவா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்போ திட்டறதை மட்டும் ஒருத்தர் பாத்துக்கங்க" என்றபடி அவள் கிளட்ச்சை விட்டாள். கார் குலுங்கி, இருமி, பிறகு மனம் மாறியது போல ஓடத் தொடங்கியது. முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனும் தங்கள் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, அவள் மைதானத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.