எரிவானின் வாரம்

வெள்ளிக்கிழமை விடியும் நேரம், பள்ளிக்கூடத்துக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கயிறு விறைத்திருந்தது. முடிச்சை அவிழ்த்து ஐந்து முழம் விட்டுவிட்டு, நீளக் கழியால் கரையை ஓர் உந்து உந்தினால் போதும். கால் மணி நேர வேலை. நான் அவிழ்க்கவில்லை. அது என் மச்சான் எரிவானின் வாரம்.

எங்கள் ஊரில் வீடுகள் மரக்கால்களில் நிற்கின்றன, பள்ளிக்கூடம் மட்டும் மிதக்கிறது. அடியில் மிதவையாக அசாக்கு மரத்தின் அடிமரங்கள் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவற்றின் மேல் பலகைத் தளம், இரண்டு அறைகள், தகரக் கூரை. கரையில் இருக்கும் இரண்டு மரங்களோடு இரண்டு கயிறுகள். எங்கள் புருஸ் நதி ஒவ்வொரு வருடமும் எட்டு ஆள் உயரம் ஏறி எட்டு ஆள் உயரம் இறங்கும். ஏறும்போது கவலையில்லை, கட்டடம் தானாக மேலே வரும், கயிற்றை இழுத்துக் கட்டினால் சரி. சிக்கலெல்லாம் இறங்கும்போதுதான். தினமும் காலையில் கயிற்றைத் தளர்த்தி, கட்டடத்தை ஆற்றுப் பக்கம் தள்ளிவிட வேண்டும். கரைப் பக்கத்து மிதவை மரத்துக்கு அடியில் கழியை விட்டுப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீராவது இருக்க வேண்டும். மரம் சேற்றைத் தொட்டுவிட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேர் கழியால் நெம்பி எடுத்துவிடலாம். மத்தியானத்துக்குள் தண்ணீர் நாலு விரல் இறங்கிவிடும், அந்த நாலு விரல் தண்ணீர் தாங்கிய எடை முழுவதும் சேற்றில் உட்காரும், சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நாற்பது பேர் வந்தாலும் அசைக்க முடியாது. மழைக்காலத்தில் ஆறு திரும்பி வரும்வரை அங்கேயேதான்.

இந்த வேலையை ஏழு குடும்பங்கள் வாரத்துக்கு ஒன்றாகச் செய்கிறோம். ஒருவர் வாரத்தில் இன்னொருவர் கயிற்றைத் தொடக் கூடாது. வீம்புக்காக வைத்த முறை இல்லை இது. முன்பு எங்கள் கோயிலும் மிதந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் ஒருவர் வந்து ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கழி எடுக்கப் போனார். அது தெரியாமல் இன்னொருவர் வந்து மற்றதையும் அவிழ்த்தார். கோயில் மணியோடு கிளம்பி, மூன்று வளைவு தாண்டி வேறோர் ஊரின் படகுத்துறையில் போய் நின்றது. அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை அதைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்துதான் இந்த முறை. அடுத்தவன் கயிற்றைத் தொடுவது அவன் சோற்றில் கை வைப்பதுபோல் ஆகிவிட்டது.

புதன்கிழமையே எரிவானிடம் சொன்னேன். அவன் வாசல்படியில் உட்கார்ந்து வறுத்த மரவள்ளி மாவை மீன் சாற்றில் கலந்து தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், கயிறு விறைப்பா இருக்குதே."

"இது பொய் எறக்கம், அதமோர். ரெண்டு நாள்ல ஏறும் பாரு."

"ஏறலைன்னா?"

"ஒன் வாரம் ஞாயித்துக்கெழமதான வருது? அப்ப வந்து ஒன் புத்திசாலித்தனத்தக் காட்டு."

அவன் சொன்னதும் முழுத் தப்பில்லை. சில வருடங்களில் ஆறு இறங்குவதுபோல் இறங்கி, நாலு நாளில் மனசு மாறித் திரும்ப ஏறும். அப்போது கட்டடத்தை நீரோட்டத்தில் தள்ளி வைத்திருந்தால், அடித்து வரும் மரங்கள் வந்து மோதும். ஆகவே காத்திருந்தான். வியாழக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போனவன் வெள்ளிக்கிழமை காலையில் திரும்பவில்லை. நானும் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். அந்தக் காப்பியை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

மத்தியானம் என் மகள் ஜசிமாரா பள்ளியிலிருந்து வந்தாள். ஐந்தாம் வகுப்பு. இந்த வருடம் முடித்தால்தான் நகரத்தில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கி ஆறாவது சேர முடியும்.

"அப்பா, பென்சில் நிக்கவே மாட்டேங்குது. வச்சா ஆத்துப் பக்கமா உருண்டு ஓடுது."

ஓடினேன். ஊரே ஓடி வந்தது. ஐந்து நாள் போராடினோம். கரைப் பக்கத்து மிதவை மரத்துக்கு அடியில் வாய்க்கால் வெட்டினோம். ஒரு நாளைக்கு ஒன்றரைச் சாண் வெட்டினால் ஒரு சாண் சேறு திரும்ப வந்து மூடும், ஆறு அதற்குள் ஒரு சாண் இறங்கியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தினமும் அரைச் சாண் தோற்றுக்கொண்டிருந்தோம். அதைச் சொன்னதற்கு எல்லோரும் என்னைத் திட்டினார்கள். ஆறாவது நாள் மண்வெட்டியை வீசிவிட்டு, கட்டடம் சறுக்காமல் இருக்க ஆற்றுப் பக்கம் முட்டுக்கட்டைகள் கொடுத்தோம்.

முதல் நாள் சாயங்காலமே, ஏரியிலிருந்து திரும்பிய எரிவான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"காலைல நீ பாத்தியாமே? நெய்தே சொன்னா."

நெய்தே என் மனைவி, அவன் தங்கை.

"பாத்தேன்."

"பாத்துட்டு அவுக்காம போனியா?"

"ஒன் வாரம்ல."

அவன் கையிலிருந்த மீன் கோவையைப் பார்த்தான். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றான். அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுலெய்தே டீச்சர் பள்ளியின் பின்னறையில்தான் குடியிருக்கிறார். நாலு வருடமாக எங்களோடு இருக்கிறார். அவருக்கு முன் வந்தவர்களில் யாரும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. அடுப்பைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டு வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

"நாலு வருஷமா ஒங்க புள்ளைங்களுக்கு நேர்கோடு போடக் கத்துக் குடுத்தேன். நீங்க பள்ளிக்கூடத்தையே கோணலாக்கிட்டீங்க. ரொம்ப நல்லாருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"அடுத்த மாசக் கடைசில கல்வி ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாரு. வகுப்பு நடத்த முடியாத கட்டடம்னு எழுதிட்டா என்னை வேற ஊருக்கு மாத்திருவாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அடுத்த வருஷம் தெறக்கலாம், தெறக்காமலும் போலாம்."

"வேற வீட்ல நடத்தலாமே டீச்சர்" என்றான் எரிவான்.

"பதிவுல இருக்கற கட்டடத்துலதான் நடத்தணும். இல்லன்னா அன்னன்னைக்கு வருகையே செல்லாது. ஒங்க வாரக் கணக்கு மாதிரி அவங்களுக்கும் ஒரு முறை இருக்கு, எரிவான்."

பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் சரிந்து சரிந்து ஒருவர் மேல் ஒருவராக அப்பியிருந்தார்கள். கட்டடத்தை நிமிர்த்த முடியாது. பெஞ்சை நிமிர்த்தலாம். கரைப் பக்கக் கால்களை அறுத்தால் போதும்.

உடனே அறுக்கவில்லை. அடியில் தண்ணீர் இருக்கும்வரை சாய்வு தினமும் கூடிக்கொண்டுதான் இருக்கும். ஆறு முழுதாக விலகி, கட்டடம் உட்கார்ந்து முடிக்கப் பதினோரு நாள் ஆனது. பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி, பெஞ்சின் மேல் படுக்கவைத்தேன். எரிவான் தாழ்ந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான். புட்டிக்குள் தண்ணீர் நேராக நின்றதும் ஜசிமாரா கத்தினாள். தூக்கிய உயரத்தை அளந்தோம். முக்கால் சாண். எதிர்ப்பக்கக் காலில் அந்த அளவு. ஒன்பது பெஞ்சு, ஒன்பது மேசை. நல்ல இதாவுபா மரம், என் அப்பா காலத்தில் செய்தவை. ரம்பம் ஏறவே மறுத்தது. ஒவ்வொரு காலும் விழும்போது எனக்குள் எரிந்தது. டிசம்பரில் ஆறு திரும்பி வந்து கட்டடத்தை நிமிர்த்தும்போது, இந்தப் பெஞ்சுகளெல்லாம் கரைப் பக்கம் சாயும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜசிமாராவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இது?"

"தண்ணி வந்தா திருப்பி ஒட்டணும்ல. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தப் பூட்டாம இருந்தா."

இன்று காலை கல்வி ஆபீஸ் ஆள் வந்தார். மறுபடியும் என் வாரம். கயிறு தளர்ந்து புல்லில் கிடந்தாலும், விடிந்ததும் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒரு கால் உயர்த்தி ஒரு கால் தாழ்த்தி நடந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. பதினாறு பிள்ளைகள் நேராக உட்கார்ந்திருந்தார்கள். எரிவான் வெளியே முட்டுக்கட்டையைத் தோளால் தாங்குவதுபோல் சாய்ந்து நின்றான்.

அந்த ஆள் படிவத்தை விரித்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பதினாறு பிள்ளைகளும் திரும்பிப் பேனாவைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அவர் அதை எடுக்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். தூரத்தில், கோணிய சட்டத்துக்குள், ஆறு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சரிந்து கிடந்தது.