டீ நீங்கலாக எல்லாம் அடக்கம்

வீரப்பன் வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், பயணப் பைக்குள் திணித்து வைத்திருந்த ஒற்றை அடுப்பை வெளியே எடுத்துச் சமையல் மேடையில் வைத்ததுதான்.

"வச்சுட்டேன், போதுமா?" என்றார் மனைவியிடம். "ஏழு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"உக்காருங்க. கடல் இருக்குல்ல, அதப் பாருங்க" என்றாள் சொர்ணலட்சுமி.

மோட்டாரைப் போட்டுவிட்டு வருவதாகத் தோட்டத்துக்குப் போனார்.

நாலு நாள் சண்டை அது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜீவிதா, இருவருக்கும் கடலோர விடுதி ஒன்றில் அறை போட்டிருந்தாள். சொர்ணலட்சுமிக்குக் கல்யாணமான நாளிலிருந்து, விடியாத இருட்டில் மில் பஸ் ஹாரன் அடிக்கும்போது வீரப்பன் கையில் அவள் போட்ட டீ இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அவர் சம்பங்கி பறிக்கக் கிளம்புவார். ஒரு நாளாவது யாரோ போட்ட டீயை உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று மகளிடம் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தாள்.

வீரப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. விடுதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது அனிஷா என்ற பெண்.

"ஏம்மா, சாப்பாடு?"

"மூணு வேளையும் அடக்கம் சார்."

"மீனு?"

"அடக்கம்."

"அந்த நீச்சல் குளத்துல குளிக்கிறது?"

"அதுவும்தான் சார். எல்லாமே அடக்கம்."

"ஏ சொர்ணம், கேட்டியா? அம்புட்டும் அடக்கமாம். நம்மளையும் சேத்துப் பண்ணிருவாக போல."

"வாயக் கழுவுங்க!"

"விடியக் கருக்கல்ல டீ கெடைக்குமாம்மா?"

"டீ மட்டும் ஏழு மணிக்கு மேலதான் சார்."

"டீ இல்லாம என்னத்த எல்லாம் அடக்கம்?" என்று போனை வைத்தார். அன்று மாலையே ஒற்றை அடுப்பு பைக்குள் ஏறியது. கூடவே டீத்தூள், பால் பவுடர், இஞ்சி.

"அங்க யாரு டீ போடப் போறா?"

"நீதான். பெறகு அந்த அனிஷாவா?"

சொர்ணலட்சுமி மூன்று நாள் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் உப்பே போடவில்லை. நான்காம் நாள் அடுப்பு வெளியே வந்தது.

அன்று போட்ட மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. வரப்பில் உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டார் என்று பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி ஓடிவந்து சொன்னான்.

சொந்தத் தோட்டத்திலேயே புதைப்பதென்று முடிவானது. வேடசந்தூர் வரைக்கும் ஒட்டிய சுவரொட்டிகளில் ஒன்று வீட்டு வாசலுக்கும் வந்தது. படத்துக்குக் கீழே 'இன்று மாலை நல்லடக்கம்' என்று போட்டிருந்தது. சொர்ணலட்சுமி சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகை என்று நினைத்துப் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு வந்தது சிரிப்பு. அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நடுவீட்டில் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு யாராவது ஒருவர் டீ போட்டு அவள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றில்கூடச் சர்க்கரை சரியாக இல்லை.

ஜீவிதா விடுதியில் சொல்லித் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தாள். "அப்பா இல்லாம அங்க என்ன, வேணாம்னு சொல்லிரட்டுமாம்மா?" என்று கேட்டபோது சொர்ணலட்சுமி சமையல் மேடையைப் பார்த்தாள். அவர் வைத்த இடத்திலேயே ஒற்றை அடுப்பு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் ஜெயித்த சண்டை அது ஒன்றுதான். போகாமல் இருந்துவிட்டால் மனுஷன் ஜெயித்ததாக ஆகிவிடும்.

சித்திரையில் அனிஷாவே கூப்பிட்டாள். "மேடம், உங்க ரூம் அப்படியேதான் இருக்கு. வர்றீங்களா?"

"வாரேன்மா. நானும் என் மகளும் வாரோம். எல்லாம் அடக்கம்தான?"

"எல்லாமே அடக்கம் மேடம்."

சொர்ணலட்சுமி போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டீ?"

"டீ மட்டும் ஏழு மணிக்கு மேலதான் மேடம்."