கேட்காமல் திறந்த படிவம்

"இசோகாய் சார், இந்த மூடி ஏன் இன்னும் இங்கயே கிடக்குது?"

மணி பன்னிரண்டே கால். பள்ளிகளுக்கு உணவு லாரிகள் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. பள்ளி உணவு மையத்தின் தலைமைச் சமையற்காரி தொமியே கையில் ஒரு டப்பா மூடியோடு வாசலில் நின்றாள். மூடியில் பெயர்: மேற்குப் பள்ளி, மாணவி கயேதே.

"இன்னிக்கு முட்டை சூப். போன தடவை முட்டை ஒத்துக்காத அஞ்சு பேருக்குத் தனி டப்பா கட்டினேன். உங்க லிஸ்ட்ல நாலுதான்."

எழுத்தர் இசோகாய் நிமிரவில்லை. நூற்றிருபது ஒவ்வாமைப் படிவங்களைக் கையால் திறந்து பார்க்கும் வேலையை ஒழித்துக் கட்டியவர் அவர். இந்த வாரம் முதல் அவர் எழுதிய கணினி நிரலே எல்லாவற்றையும் திறந்து பட்டியல் போடுகிறது.

"அந்தப் பொண்ணுக்குச் சரியாகியிருக்கும். மிஷின் தப்பாப் படிக்காது."

"ஆமாமா. போன வருஷம் அவளுக்கு மூச்சடைச்சப்ப ஆம்புலன்ஸ்ல கூடப் போனதும் மிஷின்தானே?"

இசோகாய்க்குச் சுருக்கென்றது. கயேதேயின் படிவத்தைத் தன் கையாலேயே திறந்தார். மேலே மஞ்சள் பட்டை: இதில் மேக்ரோ இருக்கிறது, இயக்கலாமா? அவர் அனுமதிக்கவில்லை. கீழே 'முட்டை' கட்டத்தில் பளிச்சென்று ஒரு டிக்.

பட்டியலில் அது இல்லை!

மேக்ரோ என்பது படிவத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் சின்ன நிரல்; இது, படிவம் திறந்ததுமே பழைய டிக்குகளை அழிப்பது. அதே படிவத்தை வருஷா வருஷம் புதிதாக நிரப்பும் வசதிக்காகப் பள்ளியில் யாரோ வைத்தது. மனிதன் திறந்தால் கணினி அனுமதி கேட்கிறது. நிரல் திறந்தபோது கேட்கவே இல்லை. மேக்ரோ தன் பாட்டுக்கு ஓடி, டிக்கை அழித்துவிட்டது.

மேற்குப் பள்ளிக்குப் போன் போட்டார்; துணைத் தலைமை ஆசிரியர் எடுத்தார். பின்னணியில் குழந்தைகள் சாப்பிடும் முன் சொல்லும் வணக்கத்தை ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கயேதேக்கு சூப் வேணாம்! முட்டை இருக்கு! ஓடுங்க சார்!"

தடதடவென்று காலடி ஓசை. பிறகு ஒன்றுமில்லை. தொமியே மூடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மூச்சிரைக்க ஆசிரியரின் குரல் வந்தது. "கிண்ணத்தைத் தூக்கிட்டா அவ... நான் வாங்கிட்டேன். வாய் வைக்கல."

இசோகாய் நிரலில் ஒரு வரி சேர்த்தார்: திறக்கும் முன் எல்லா மேக்ரோவையும் முடக்கு.

"இதை எழுத எவ்வளவு நேரமாச்சு?"

"அரை நிமிஷம்."

தொமியே மூடியை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"வேலையைக் குறைச்சது தப்பில்ல. அடுத்தவங்க அனுப்பினதைச் சந்தேகப்படுற வேலையையும் சேர்த்துக் குறைச்சீங்களே, அதான் தப்பு."

இசோகாய் நூற்றிருபதில் முதல் படிவத்தைக் கையால் திறந்தார்.