நாலாயிரம் பேர் பார்த்த அக்கா

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், தன் படங்களை இணையத்தில் போட ஆரம்பித்து மூன்று வருஷமாகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, அளவும் விலையும் எழுதி, நேரம் பார்த்துப் போடுவாள். பூந்தொட்டி, ஏரி, மழை பெய்த தெரு என்று எதைப் போட்டாலும் விருப்பக்குறி இடுவது ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்தான். ஒன்றும் விற்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை அவள் போட்டது அக்காவின் படம். அக்கா தையல்காரி. உதட்டில் நாலு குண்டூசி, புருவம் நெரிய, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறாள். எப்போதோ அக்காவுக்குத் தெரியாமல் போனில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து வரைந்தது.

ஏதோ ஒரு பெரிய பக்கம் அதை எடுத்துப் பகிர்ந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் பணமே கட்டிவிட்டாள். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் தாங்கியது. பிறகுதான் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். “எங்க ஹாஸ்டல் வார்டன் மாதிரியே இருக்கு” என்று ஒருவர். “அளவு தப்பா சொன்னா குத்திடும் போல” என்று இன்னொருவர். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக.

கடைசி வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பள்ளி விட்டதும் அக்காவின் தையல் கடைக்கு பஸ்ஸில் போகும் வழியெல்லாம், அக்காவிடம் இருப்பது பட்டன் போன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் இருப்பது பட்டன் போன் இல்லையே.

கடையில் ஒரு அம்மாள் சீருடைக்குத் துணி கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அளவு குறித்தாளே தவிர இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரிந்துவிட்டதா, இல்லை வழக்கமான வேலை மும்முரமா என்று புரியாமல் டீச்சர் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் போனதும், கேட்பதற்கு முன்னால் தானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு போனை நீட்டினாள்.

“காலையிலேயே ரெண்டு பேர் காட்டிட்டாங்க,” என்றாள் அக்கா.

இருந்தும் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள்.

“நான் இவ்ளோ கடுகடுன்னா இருக்கேன்?”

“நூல் கோக்கும்போது யார் மூஞ்சியும் அப்படித்தான்க்கா இருக்கும்.”

“வரைஞ்சதுக்கு ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு விற்பனையை ரத்து செய்வதாக டீச்சர் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“அது எதுக்கு? வெளிநாட்டுல இருக்கற அந்தம்மா ஒருத்தங்கதான். காசு குடுத்து வாங்கினாங்க, அவங்க செவுத்துல மாட்டட்டும், பார்த்துட்டு என்ன வேணா நினைக்கட்டும். போறவன் வர்றவனெல்லாம் வாய்க்கு வந்தத பேசுறான் பாரு, அதான் தாங்கல.”

டீச்சர் அங்கேயே தன் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். மூன்று வருஷம் அவள் காத்துக் கிடந்து கிடைத்த நாலாயிரம் பேர் ஒரு தொடுதலில் போனார்கள். பகிர்ந்த பக்கத்துக்கும் எழுதினாள். அக்கா ஒரு காலரைத் தைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. ஆனால் அதற்குள் யார் யார் சேமித்து வைத்தார்களோ, அதை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

அக்கா தைத்த காலரின் நூலைக் கத்தரித்தாள். பிறகு, “இனிமே வரையறதா இருந்தா முன்னாடியே சொல்லு, தலையாவது சீவிக்கிறேன்,” என்று மெஷினை மிதித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் போன் விடாமல் அதிர்ந்தது. அடுத்த படம் எப்போது என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும், அக்காவின் படத்தை யாராவது மறுபடி போட்டுவிட்டார்களோ என்று எடுத்துப் பார்த்தாள்.