இயக்குநர் வண்டியில் தையல்காரி

தையல்காரிக்கு அரசாங்கம் கார் கொடுக்கப் போகிறது என்பதை அவளுடைய நாத்தனார் கடைசிவரை நம்பவில்லை. வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது வேற யாருக்கோ போக வேண்டியது. பேனா குடுத்தாக்கூட நூல் கட்டிக் குடுக்கிறவங்க, காரைக் குடுப்பாங்களா?"

கடிதம் சரியான முகவரிக்குத்தான் வந்திருந்தது. அலுவலகங்களில் சும்மா நிற்கும் வண்டிகளை, வேலைக்குப் போய்வர வழியில்லாத தொழிலாளிகளுக்குக் கொடுப்பது என்று ஒரு திட்டம். தையல்காரி சட்டை தைக்கும் ஆலை ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ் பாலத்தோடு திரும்பிவிடும். அதற்கு மேல் லாரிக்காரர்கள் மனசு வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலி போச்சு. புருஷன் வெளியூரில் கட்டட வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் வேனை ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அந்தத் தைரியத்தில் மனு போட்டு வைத்தாள்.

வண்டிக் கிடங்கில் அவளுக்குக் கிடைத்தது நீளமான வெள்ளைக் கார். கறுப்புக் கண்ணாடி, முன்பக்கம் கொடி நட ஒரு கம்பி. இரண்டு பக்கக் கதவிலும் முழம் அகலத்துக்கு, 'இயக்குநர், குடிநீர்த் துறை'.

"இந்த எழுத்தை அழிச்சுக் குடுங்க சார்" என்றாள் குமாஸ்தாவிடம்.

"அதுக்குத் தனியா ஆணை வரணும். ஆறு வாரம் ஆகும்."

"நானே அழிச்சுக்கறேனே."

"அரசு சொத்தைச் சேதப்படுத்தினா கேஸாயிடும்மா."

"வண்டி என்னோடதுன்னீங்களே?"

"வண்டி உங்களோடதுதான். எழுத்து அரசாங்கத்தோடது."

மறுநாள் காலை ஆலை வாட்ச்மேன், முதலாளிக்கு மட்டும் திறக்கும் பெரிய கேட்டைத் திறந்துவிட்டு விறைப்பாக சல்யூட் வைத்தான். காரிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு தையல்காரி இறங்கியதும் அவனுக்குக் கையை எப்படிக் கீழே இறக்குவதென்று தெரியவில்லை.

சிக்கல் அன்று சாயங்காலம் சிக்னலில் ஆரம்பித்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டினார், இறக்கினாள். கையில் டீ நிறத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்.

"பதினோரு நாளா எங்க தெருக் குழாய்ல இதான் வருது. நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, மேடம்."

"ஐயா, நான் சட்டை தைக்கிறவ."

"போன அதிகாரி தன்னை டிரைவர்னு சொல்லித் தப்பிச்சாரு. நீங்க பரவாயில்ல, புதுசா யோசிக்கிறீங்க." பாட்டிலையும் ஒரு மனுவையும் மடியில் போட்டுவிட்டு நகர்ந்தார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. திருப்பிக் கொடுக்க நேரமில்லை.

இரண்டே வாரத்தில் நாற்பத்து மூன்று மனு சேர்ந்துவிட்டது. நாத்தனார் அவற்றைத் தெரு வாரியாகப் பிரித்துத் துணிப்பையில் அடுக்கினாள். "தூக்கிப் போடாதீங்க அண்ணி. பாவம், நம்பிக் குடுத்திருக்காங்க. சேர வேண்டிய இடத்துல சேர்த்துடுவோம்."

ஆலை விடுமுறையன்று இருவரும் குடிநீர்த் துறைக்குப் போனார்கள். மனு வாங்கும் இடத்தில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வச்சுட்டுப் போங்க" என்றார். அவர் காட்டிய மூலையில் மனுக்கட்டுகள் இடுப்பளவு நின்றன.

"எப்பப் பார்ப்பீங்க?" என்றாள் தையல்காரி.

"நீங்க எதுல வந்தீங்க, நடந்தா? நடந்து வந்தவங்களுக்கு இவ்வளவு அவசரம் ஆகாது."

நாத்தனார் ஜன்னல் வழியே வெளியே நின்ற காரை நோக்கி விரலை நீட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. உள்ளேயிருந்த பொறியாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். இவர்கள் யார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் தப்பாகிவிடுமோ என்று பயம். இவர்களும் சொல்லவில்லை.

அந்த வாரமே பெரியவரின் தெருவில் குழாய் மாற்றினார்கள். அடுத்து பள்ளிக்கூடத் தெரு, அதற்கடுத்து மேட்டுத் தெரு.  ஒவ்வொரு தெருவாகக் குடம் நிரம்புவதைப் பார்க்கப் பார்க்க, தையல்காரி ஆலையில் மிஷினை மிதிக்கும்போதுகூடத் தன்னையறியாமல் சிரித்தாள்.

'மக்களைத் தேடி வரும் இயக்குநர்' என்று பத்திரிகையில் செய்தி வந்தது. நிஜ இயக்குநர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அவர் அறையை விட்டு வெளியே போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது அவருடைய ஏசிக்குத் தெரியும். அமைச்சர் அவரைப் பாராட்டி, "நானும் ஒருநாள் உங்களோட வர்றேன்" என்று சொன்ன பிறகுதான் அவர் விசாரிக்க ஆரம்பித்தார்.

தையல்காரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாத்தனாரும் துணிப்பையோடு கூடப் போனாள்.

"உபரி வண்டியில அரசு வேலை பார்த்திருக்கீங்க" என்றார் இயக்குநர். "அரசு வேலை பார்க்கிற வண்டி எப்படி உபரியாகும்? அதனால வண்டியைத் திரும்ப எடுத்துக்கறோம்."

"நான் வேலைக்கு எப்படி சார் போறது?"

"மறுபடி மனு போடுங்க. இப்ப உங்ககிட்ட வண்டி இல்ல பாருங்க, தகுதி வந்துடுச்சு."

"எந்த வண்டி குடுப்பீங்க?"

"உபரியா இருந்தது இது ஒண்ணுதான். அதுவும் இப்ப உபரி இல்ல."

நாத்தனாருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். "அப்ப புதுசா வந்த இந்த இருபத்தேழு மனுவும் உங்களோடது சார். வண்டியோட சேர்ந்ததுதான்."

இயக்குநர் மறுநாள் அந்தக் காரில் கிளம்பினார், அமைச்சரோடு. முதல் சிக்னலிலேயே வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தம்மா எங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. "அவங்களாவது கண்ணாடியை இறக்குவாங்க. நீ யாருய்யா?" அமைச்சருக்கு முன்னால் கண்ணாடியை இறக்காமல் இருக்க முடியவில்லை. இறக்கினார். மனுக்கள் இரண்டு பேரின் மடியிலும் விழுந்தன. மேட்டுத் தெருவுக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் பாட்டிலை நீட்டி, குடித்தால்தான் வழிவிடுவோம் என்றார்கள். அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் குடித்தார்.

மூன்று நாள் மருத்துவ விடுப்பு. திரும்பி வந்தவர் முதல் கையெழுத்திலேயே அந்தக் காரை மறுபடி உபரியாக்கித் தையல்காரிக்கே கொடுத்தார். ஆறு வாரம் ஆகும் என்ற, எழுத்தை அழிக்கும் ஆணை அரை மணி நேரத்தில் வந்தது. பெயிண்ட்காரரை அவரே அனுப்பினார்.

கதவில் மட்டும் வேறு வெள்ளை, திட்டுத் திட்டாக. தையல்காரி அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து ஆலைக்கு வரும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டாள். ஜன்னலோரம் யார் உட்காருவது என்று பின்சீட்டில் சண்டை. எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் நால்வரும் மிஷினில் நூல் கோத்து முடித்திருந்தார்கள்.