வெள்ளையாக வரவேண்டிய படம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கட்டையின் மேல் போனை வைத்து எதிர்மலைக் காட்டைப் படம் எடுக்கவேண்டும். காட்டுக் குழு மலெம்பாவுக்குக் கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான். எடுத்ததும் படம் தானாகப் போய்விடும். குழுச் செயலாளர் கிம்பியோ அதைப் போன மாதப் படத்தோடு சேர்த்து வைத்து, எந்த மரம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்.

இந்த மாதம் அவளுக்குப் பயமாக இருந்தது. நாலு நாளைக்கு முன் அண்ணன் முவாசாரு ரம்பத்தைக் கோணியில் சுற்றிக்கொண்டு காட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத புள்ள. மாட்டினா தூக்கி உள்ள போட்டுருவாங்க."

"சனிக்கிழமை நான் படம் எடுக்கணுமே, அண்ணா."

"இந்தப் பனியில உன் போனுக்கு என்ன தெரியப்போவுது? வெள்ளைச் சுவத்த எடுத்து அனுப்பு. கிம்பியோ கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கட்டும்."

அவன் சொன்னபடியே சனிக்கிழமை பனி கொட்டியது. எதிர்மலை இருந்த இடமே தெரியவில்லை. அப்போதே அழுத்தியிருக்கலாம். ஏழு அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருந்ததால் நின்றாள்.

பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. பனி நடுவில் கிழிந்து, மரங்களின் தலைகள் ஒவ்வொன்றாக, கருத்த பச்சையில், நீர் சொட்டச் சொட்ட மேலே வந்தன. கிளைகளில் தொங்கிய பாசிமேல் வெயில் ஒரு கோடாக விழுந்தது. ஆறு மாதமாக அவள் ஏங்கிய படம். விரல் அழுத்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் பார்த்தாள். மலைமுகட்டில் எல்லா மரங்களுக்கும் மேலே நின்ற கற்பூர மரம் இல்லை. அந்த இடத்தில் வானம் இருந்தது.

பனி திரும்ப மூடியதும் அவசரமாக இன்னொரு படம் எடுத்தாள். சுத்த வெள்ளை. மதியம் கிம்பியோவின் குரல் போனில் வந்தது.

"மலெம்பா, ரெண்டு வந்திருக்கும்மா. வெள்ளையா இருந்தத அழிச்சுட்டேன். மொதப் படம் என்ன அழகு. பெரிசு பண்ணி ஆபீஸ்ல மாட்டப்போறோம். பழசோட வெச்சுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை பேசறேன்."

சாயங்காலம் முவாசாரு, கிழங்கும் பயறும் மசித்த கிமாங்காவைத் தின்றுகொண்டிருந்தான். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தாள்.

"என்ன, வெள்ளைச் சுவரு வந்துச்சா?"

அவள் போனை நீட்டினாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"காத்து அடிச்சுதா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல, அண்ணா."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"திருப்பி வாங்க முடியாதா?"

"முடியாது."

அவன் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். முகடு வரைக்கும் போனான். வானம் இருந்த இடத்தில் நின்றான்.

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றான்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் கற்பூர மரத்தின் வாசனை ஒட்டியிருந்தது. பாவாடையில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.