மைக்கில் சொன்ன சத்தியம்

எங்கள் அலுவலகத்தில் புகையிலை ஒழிப்புக்குப் பொறுப்பாளர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் சந்திரமோகன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். உதட்டில் அதக்கும் கைனிப் புகையிலையை விட்டுவிட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். நம்பித் தொலைத்தேன்.

போன வாரம்தான் பியூன் முத்துவீரனை, கைனியில் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும்போது இவர் கையும் களவுமாகப் பிடித்தார். பொட்டலத்தை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டச் சொன்னார்.

"வெக்கமா இல்லையா? ஆபீஸ்ல இதெல்லாம் பந்த்! கூடவே கூடாது!" என்று கத்தினார்.

முத்துவீரனுக்கு என் அப்பா வயது. நான் ஃபைலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இன்று உறுதிமொழி விழா. கடலுக்கு அக்கரையில் இருக்கும் பம்பூஃப்ளாட்டிலிருந்து பெரிய அதிகாரி வரவேண்டிய ஃபெரி படகு தாமதம் என்றார்கள். இவர் மெல்ல வெளியே நழுவினார். பார்த்தால், கொஞ்ச நேரத்திலேயே அதிகாரி வந்து நின்றார். தேடிப் பிடித்து இவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஓடி வந்தவரின் கீழுதடு உப்பியிருந்தது. கைனியை அதக்கியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மை ஷபத்..." என்று ஆரம்பித்தார். உறுதிமொழியின் இந்திச் சொல் எச்சிலில் குழைந்து வந்தது. வாயோரம் பழுப்பாக ஏதோ வழிய, கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"க்யா ஹுவா?" என்றார் அதிகாரி, என்ன ஆயிற்று என்று புரியாமல்.

நான் எப்படி முன்னால் போனேன் என்று எனக்கே தெரியாது. "தாந்த் மே தர்த் ஹை, சார்" என்று கூசாமல் புளுகினேன். இல்லாத பல்வலி! மைக்கை வாங்கி நானே படித்தேன்.

நான் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். புகையிலையைத் தொடமாட்டேன் என்ற வரி எனக்கு உண்மைதான். என் குடும்பத்தாரையும் தொடவிடமாட்டேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் முத்துவீரன் மட்டும் தட்டவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். அவர் என்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து நின்று கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்காக அவர் வெட்கப்பட்டதில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

கூட்டம் கலைந்ததும் இவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். பழைய தெம்பு முகத்தில் திரும்பியிருந்தது.

"நல்லவேளை வசந்தா, மானம் கப்பலேறாமக் காப்பாத்திட்டே."

"உங்க மானம் ஏறலைங்க. என்னோடதைத்தான் நானே டிக்கெட் எடுத்து ஏத்தி அனுப்பிச்சுட்டேன்."

இவர் கறைபட்ட கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டார். முத்துவீரன் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கால் எழவில்லை.